குளிர வை என்று சொன்னேன்

ஆயுத பூஜை லீவுக்கு வந்தபோது பவித்ரா எனக்கென்று ஒரு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு வந்தாள். கண்ணாடி டம்ளருக்குள் ஊற்றி, மேலே மூடி போட்டு, அட்டைப் பெட்டிக்குள் காகிதச் சுருள் பரப்பி அதன்மேல் படுக்க வைத்திருந்தார்கள். மல்லிகை வாசனையாம். "நீ செஞ்ச மாதிரி இல்லப்பா, இது எரியும்" என்றாள். பெற்ற பெண் பேசுகிற பேச்சு. உண்மைதானே.

சாயங்காலம் அதைப் பற்ற வைத்தாள். பத்து நிமிஷம் வீடு முழுக்க மல்லிகை. அப்புறம் அந்த மல்லிகைக்கு அடியிலிருந்து மெழுகு உருகுகிற வாசனை மெதுவாக எழுந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். பார்த்தால், திரியைச் சுற்றி மட்டும் மெழுகு உருகிக் கீழே இறங்கியிருக்கிறது, ஓரத்து மெழுகு உருகாமல் சுவர் மாதிரி நிற்கிறது. நடுவில் ஓட்டை. சுடர் அடியில் கிடந்து மூச்சுத் திணறுகிறது. நம் வத்தியில் விழுந்த அதே கிணறு. கண்ணாடியில் ஊற்றி வாசனை சேர்த்து விற்கிறவர்களுக்கும் அதே வியாதிதான் என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை வேறு யாரிடம் சொல்வது? "இங்க பாரு" என்று சொல்லத் திரும்பியேவிட்டேன். பக்கத்தில் நீ இல்லை. நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது.

அந்த டம்ளர் இப்போதும் மேஜைமேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கிணற்றைப் பற்றி மட்டுமென்றால் அன்றைக்கே எழுதியிருப்பேன். உன்னோடு பேச ஆரம்பித்தால் அந்த அக்டோபர் மாதத்து மத்தியானத்துக்கு வராமல் முடியாது, அதனால்தான் தள்ளிப் போட்டேன். அந்த மத்தியானம் நான் உன்னைப் பார்த்து இரண்டு சொல் கத்தினேன். அது உன் காதில் என்னவாக விழுந்தது என்று கேட்காமலே ஒன்பது மாதம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் காலை எடுத்தது நெருப்பா, என் வாயா? அதுதான் கேள்வி. பதில் தெரிந்தவன் நீ ஒருவன். நீயோ எதைக் கேட்டாலும் சிரித்து மழுப்புகிற ஆள்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் சேர்ந்தே கோட்டை விட்டவர்கள் நாம். நீ திருப்புட்குழிக்குப் பக்கத்துக் காலனியிலிருந்து சைக்கிளில் வருவாய், நான் பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்து வருவேன். உன்னைப் பார்த்து நானும் என்னைப் பார்த்து நீயும் எழுதினோம். இரண்டு பேருக்கும் ஒரே மார்க். அப்புறம் நீ லோடு ஆட்டோவுக்குப் போனாய், நான் தறிக்குழிக்குள் இறங்கினேன். முப்பது வருஷம் கழித்து உன் ஆட்டோவின் இன்ஜினும் என் இடுப்பும் ஒரே வருஷத்தில் படுத்துக்கொண்டன. நாள் முழுக்கக் குழியில் உட்காராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, குழியை என்ன செய்வது என்று தெரியாமல் நான் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நீ வந்தாய். ஏதோ சுயதொழில் பயிற்சியாம், மூன்று நாளாம், மத்தியானம் சாப்பாடும் உண்டாம். "மெழுகுவத்திபா. உருக்கறோம், ஊத்தறோம், உருவறோம். மூணே வேலை. இதுல ஃபெயில் ஆவ ஒண்ணும் இல்ல" என்றாய்.

ஃபெயில் ஆவதற்கு அதில் எத்தனை வழி இருக்கிறது என்று நாம் அப்புறம் கண்டுபிடித்தோம். பயிற்சி கொடுத்த அறையில் ஏசி ஓடியது. அங்கே வத்தி அச்சைத் திறந்ததும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நம்முடைய தறி அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சித்திரை மாதத்தில் ஆரம்பித்தோம், புத்திசாலிகள். அச்சை இரண்டு மணி நேரம் தொட்டித் தண்ணீரில் வைத்தாலும் வத்தி விட்டு வரமாட்டேன் என்றது. எண்ணெய் போதவில்லை என்று தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தடவினோம். வத்தி வந்தது, உடம்பெல்லாம் அம்மைத் தழும்போடு. எண்ணெயைக் குறைத்தோம், பாதி வத்தி வந்தது, பாதி அச்சுக்குள்ளேயே குடியிருந்தது. என் வீட்டுக்காரியின் குழவியை எடுத்து அச்சைத் தட்டியதில் அச்சு கோணிக்கொண்டு, ஊற்றுகிற மெழுகெல்லாம் இடுக்கு வழியாக ஒழுகியது. நல்லபடியாக வந்த முதல் பன்னிரண்டு வத்தியைப் பெருமையாக ஜன்னலில் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் பன்னிரண்டும் இடுப்பில் வளைந்து குனிந்து நிற்கின்றன. நீ கொஞ்ச நேரம் பார்த்தாய். "சாமி கும்புடுதுங்கபா" என்றாய், "நம்ம கையில மாட்டிக்கினோமேன்னு."

திரி விஷயத்தில் என் மூளை வேலை செய்ததை நீ சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினாய். வாங்கி வந்த பஞ்சுத் திரி தொளதொளவென்று, அச்சுக்குள் கோத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. இழை சாய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தறிக்காரனுக்குத் தெரியாதா? பாவுக்குக் கஞ்சி போட்டால் இழை விறைத்து நிற்கும், பிசிறு அடங்கும். சோற்றுக் கஞ்சியை வடிகட்டி, திரியை முக்கியெடுத்து, கொடியில் கட்டிக் காய வைத்தேன். கம்பி மாதிரி நின்றது. அச்சுக்கு நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. நீகூட அன்றைக்கு என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாய். சாயங்காலம் ஆறு வத்தி பற்ற வைத்தோம். ஒவ்வொன்றும் கடுகளவு எரிந்து, சோர்ந்து, போய்விட்டது. மறுபடி பற்ற வைத்தோம், மறுபடி போயிற்று. மெழுகு சரியில்லை, காற்று சரியில்லை, தீக்குச்சி சரியில்லை என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் கழித்து நீதான் கருகிய திரியை மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாய். "சோறு தீஞ்ச வாசனை வருதுபா" என்றாய். கஞ்சி அடைத்துக்கொண்ட திரி மெழுகை எப்படி மேலே இழுக்கும்? அதுவரைக்கும் அது நமக்குத் தோன்றவே இல்லை.

சாயமும் என் யோசனைதான். மாதா கோயில் கெபியில் வைக்க அரக்கு நிறத்தில் வத்தி வேண்டும் என்று உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா கேட்டாள். எங்கள் தறிக்காரத் தெருவில் சாயத்துக்கா பஞ்சம்? பட்டுக்குப் போடுகிற சாயப்பொடியைக் கொண்டுவந்து மெழுகில் கொட்டிக் கலக்கு கலக்கென்று கலக்கினேன். அது தண்ணீரில் கரைகிற பொடி, மெழுகை மதிக்கவில்லை. மெழுகு வெள்ளையாகவே இருந்தது, பொடி மட்டும் காப்பித் தூள் மண்டி மாதிரி அடியில் தங்கியது. என் கை மட்டும் பத்து நாள் அரக்கு நிறத்தில் இருந்தது. அந்தக் கையைப் பார்த்து ஸ்டெல்லா சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உன் வீட்டில் எல்லோரும் நன்றாகச் சிரிப்பீர்கள்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று யாரும் சொல்லக்கூடாது. உனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் நீ வீட்டுக்கு வர ஆரம்பித்தபோது, முதல் இரண்டு வருஷம் என் அம்மா உனக்கு வாசலில்தான் தட்டு வைத்தாள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். மூன்றாம் வருஷம் எப்படியோ அடுப்படிவரை வந்துவிட்டாய். அப்படி வந்த புதிதில் ஒருநாள் உபகாரம் செய்கிற நினைப்பில் சாமி மாடத்து விளக்கை ஊதி, "அணைச்சிட்டேம்மா" என்றாய். அம்மா முகம் போன போக்கைப் பார்த்து நான் நடுங்கிப்போனேன். அப்புறம் அவளே பொறுமையாக, "அணைக்கறதுன்னு சொல்லக்கூடாதுப்பா, குளிர வைக்கறதுன்னு சொல்லணும்" என்றாள். நீ கேட்டாய், "ஏம்மா, வெளக்குக்கு ஜுரமா?" அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் விளக்கு, கற்பூரம், அடுப்பு எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். டியூப்லைட்டைக்கூட என் வீட்டுக்காரி குளிர வை என்றுதான் சொல்லுவாள்.

தறி அறையில் வத்தி ஊற்ற ஆரம்பித்த பிறகு அதே சொல்லுக்கு இன்னொரு வேலை வந்தது. மெழுகை ஊற்றி முடித்ததும் அச்சைத் தண்ணீரில் இறக்க வேண்டும். "குளிர வை" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் இறக்குவான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைச் சொல்லியிருப்போம். இரண்டும் ஒரே சொல்லாக இருக்கிறதே என்று எனக்கு உறைக்கவே இல்லை. கணக்கில் ஃபெயில், சரி. தமிழில் நான் பாஸ் ஆனவன்.

புரட்டாசி கடைசியில்தான் நம் வத்தி ஒழுங்காக எரிந்தது. கிணறு விழாமல், புகையாமல், ஒழுகாமல், அடிவரைக்கும். நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வத்தி முழுக்க எரிவதைப் பார்த்தோம், சினிமா பார்ப்பது மாதிரி. மறுநாளே நீ போய் உங்கள் கோயில் சாமியாரிடம் காட்டிவிட்டாய். கல்லறைத் திருநாளுக்கு மொத்த வத்தியும் நாமே கொடுக்கிறோம் என்று வாக்கும் கொடுத்துவிட்டாய். உங்கள் சனங்கள் எல்லாம் அவரவர் கல்லறையில் ஏற்றப்போவது நாம் செய்த வத்தி. அதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் மாறியது, நான் கவனித்தேன்.

நாள் போதவில்லை. மெழுகுப் பாத்திரத்தைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும், நெருப்பில் நேராக வைக்கக்கூடாது என்று பயிற்சியில் மூன்று நாளும் சொன்னார்கள். அப்படி உருக்கினால் நேரமாகிறது. அன்றைக்குப் பாத்திரத்தை நேராக கேஸ் அடுப்பில் ஏற்றினோம். யார் யோசனை அது? என்னுடையதாக இருக்கலாம். உன்னுடையதாகவும் இருக்கலாம். அந்த அளவுக்கு அறிவு நம் இரண்டு பேருக்கும் உண்டு.

நான் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, வத்தியின் ஓரத்தில் அச்சுக்கோடு விழுந்த இடத்தைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷ வழக்கம், வேலை என்றால் அங்கேதான் உட்காரத் தோன்றும். நீ அடுப்புக்கிட்டே. வெறுங்காலோடு. தறியைக் கொடுத்து இத்தனை மாதமாகியும் அந்த அறைக்குள் நீ செருப்போடு வந்ததில்லை. அச்சுத் தொட்டிக்கு ஊற்றுகிற தண்ணீர் வாளி உன் காலடியில். முதலில் வெள்ளையாகப் புகை வந்தது. நான் தலையை நிமிர்த்துவதற்குள் பாத்திரத்தின் மேலே நெருப்பு படர்ந்துவிட்டது. குழியிலிருந்து எழ முயன்றேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் கத்தினேன். "குளிர வை, குளிர வை." அடுப்பை நிறுத்து என்ற அர்த்தத்தில். அடுப்பை நிறுத்தி ஒரு தட்டைப் போட்டு மூடியிருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும்.

நீ வாளியைத் தூக்கி ஊற்றினாய்.

நெருப்பு ஷீட்வரைக்கும் போனது. பாத்திரம் சரிந்து மெழுகு அத்தனையும் உன் வலது காலில். அப்புறம் நான் எப்படி எழுந்தேன், எப்படிச் சாக்கைப் போட்டு மூடினேன் என்று எனக்குத் தெரியாது. இடுப்பு வலியே இல்லை. ஒரு நிமிஷம் முன்னால் அது போயிருந்தால் என்ன?

உனக்குச் சர்க்கரை இருந்தது. மற்றவனுக்கு ஒரு மாதத்தில் ஆறியிருக்கும் என்றார்கள். உனக்கு முதலில் விரல்கள் போயின, பொங்கலுக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்போதும் நீ, இனிமேல் ஒற்றைச் செருப்பு வாங்கக் கடை தேட வேண்டும் என்று நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தாய். பார்க்க வந்த ஒவ்வொருவரும் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நீ அதே பதிலைச் சொன்னாய். "கொதிக்கிற மெழுகுல தண்ணி ஊத்துனேன். எவனாவது ஊத்துவானா? நான் ஊத்துனேன்." கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்கள், நீ முதலில் சிரித்து அவர்களுக்கு வழி காட்டுவாய். உன் அண்ணன் மட்டும் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, சின்ன வயசிலிருந்தே இவன் இப்படித்தான், கை முன்னால் போகும், புத்தி பின்னால் வரும் என்றார். நீ ஆமாம் என்று தலையாட்டினாய். நான் அப்போது உனக்காக ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளை விடாமல் நாரெடுத்து, மிகவும் கவனமாக உரித்தேன்.

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். மத்தியானம், பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நான் ஒண்ணு கத்துனேன்ல" என்று ஆரம்பித்தேன். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாய். "திரிக்கு இன்னும் ரெண்டு இழை கூட்டணும்பா" என்றாய். "பெரிய வத்திக்கு அது பத்தல, அதான் கெணறு வுழுது." நானும் ஆமாம், இழை போதவில்லை என்றேன். நீ தெரிந்து பேச்சை மாற்றினாயா, உண்மையிலேயே திரியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாயா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆடி பிறப்பதற்கு முன்னால் நீ போய்விட்டாய்.

அதற்கப்புறம் நான் அடுப்பைத் தொடவில்லை. அச்சு பரண்மேல் கிடக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறேன். யாராவது உன்னைப் பற்றிப் பேசினால், பாவம் அவசரக்காரன் என்று அவர்கள் முடிப்பார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைப்பார்கள்.

பவித்ரா கொண்டுவந்த வத்தியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அன்றைக்கு, இனிமேல் முடியாது என்று தோன்றிவிட்டது. உன்னிடம் கேட்க முடியாது. ஸ்டெல்லாவிடமாவது சொல்லிவிட வேண்டும். அவள் என்னைத் திட்டட்டும், துரத்தட்டும், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைக் காலால் தள்ளினாள், உட்காருங்கண்ணா என்றாள். மிஷினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தம் எனக்கு உதவியாக இருந்தது. சொன்னேன். "அன்னிக்கு நான்தாம்மா 'குளிர வை'ன்னு கத்துனேன். அடுப்ப நிறுத்தத்தான் சொன்னேன். அவன் அச்ச குளிர வைக்கறத நெனச்சிக்கினு தண்ணிய ஊத்திட்டான். என் வாயாலதான் அவன் கால் போச்சி."

அவள் அந்தத் தையலை ஓரம்வரைக்கும் ஓட்டி முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அவருக்குத் தெரியாதாண்ணா?" என்றாள். "இந்த வூட்ல யாரையும் வத்திய ஊத வுட மாட்டாரு. ஜெபம் முடிஞ்சதும் மாதா படத்துக்கு முன்னாடி, 'ஸ்டெல்லா, குளிர வை'ன்னுதான் சொல்லுவாரு. எங்க மாமியார் இருக்கசொல்ல திட்டும், தறிக்கார வூட்டுப் புள்ளையாட்டம் பேசறான் பாருன்னு."

எனக்கு இது தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேலே பழகியும், எங்கள் வீட்டுச் சொல் உன் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. நான் உன் வீட்டில் அந்த நேரத்துக்கு இருந்ததே இல்லை.

அப்படியானால் ஏன் தண்ணீரை ஊற்றினான் என்று கேட்டேன். அவள் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். "கூரை வூட்ல பொறந்தவரு. சின்ன வயசுல கண்ணெதுர பாதி காலனி எரிஞ்சி பாத்தவரு. நெருப்புன்னா கை தண்ணிக்குத்தான் போவும். எனக்கும் அப்டித்தான் போவும். நீங்க கத்துனது அவரு காதுலயே வுழுந்திருக்காது."

அதைக் கேட்டு மனசு லேசாகும் என்று காத்திருந்தேன். நான் ஓட்டு வீட்டில் பிறந்தவன். எனக்கு நெருப்பு என்றால் மாடத்து விளக்கு, மரியாதையாகப் பேசினால் குளிர்ந்துவிடும். உனக்கு அப்படி இல்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அதோடு இன்னொன்றும் புரிந்தது. என் கத்தல் உன் காதில் விழவே இல்லை என்றால், நாலைந்து அடி தூரத்தில் நான் இருந்தும், அந்த நெருப்புக்கு முன்னால் நீ தனியாகத்தான் நின்றிருக்கிறாய். என் வாயால் உன் கால் போயிற்று என்ற நினைப்பிலாவது நான் உன்கூட இருந்தேன். அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

ஸ்டெல்லா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். நான் குடித்து முடித்தேன். டம்ளரை வாங்கிக்கொள்ளும்போது சொன்னாள்.

"ஆனா ஒண்ணுண்ணா. ஒம்போது மாசம் அவரு ஊரு சனத்துகிட்ட எல்லாம் முட்டாள்னு பேரு வாங்கிக்கினு படுத்திருந்தாரு. நீங்க பக்கத்துலயே குந்திக்கினு இருந்தீங்க. அது காதுல வுழுந்துச்சோ வுழலயோ, 'நானும்தான் கத்துனேன், நானும்தான் அடுப்புல நேரா வெச்சேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த முட்டாள் பேருல பாதிய நீங்க எடுத்துக்கினு இருக்கலாம். அவருக்குப் பாதி கொறஞ்சிருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஜாக்கெட்டை எடுத்து மிஷினில் வைத்துக்கொண்டே சொன்னாள். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தது பஸ் ஸ்டாப்பில்தான் தெரிந்தது.

உன் முட்டாள் பேரில் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று அன்றைக்கு பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். இத்தனை நாள் கழித்தாவது. கல்லறைத் திருநாளுக்கு வந்தேன். கடையில் வாங்கிய வத்திதான் கொண்டுவந்தேன், மன்னித்துக்கொள். தூறல் விழுந்துகொண்டிருந்தது, உங்கள் சனங்கள் குடையை வத்திக்குப் பிடித்துவிட்டு அவர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். உன் அண்ணன் இருந்தார், அன்றைக்கு வார்டில் நீ சொல்லக் கேட்டுச் சிரித்தவர்களில் நாலைந்து பேர் இருந்தார்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். பாத்திரத்தை நேராக ஏற்றியது, நான் குழிக்குள் இருந்தது, கத்தியது, ஒன்று விடாமல் சொன்னேன். ஆரஞ்சுப் பழம் உரித்ததையும் சொன்னேன். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு, அவனை மட்டும் முட்டாள் என்று சொல்லாதீர்கள் என்று முடித்தேன்.

உன் அண்ணன் கண் கலங்கிவிட்டார். என் தோளில் கை போட்டார்.

"நீ நல்ல மனசுக்காரன்பா" என்றார். "செத்தவனுக்காவ பழிய உன் மேல இஸ்துக்கறே. இந்தக் காலத்துல யாரு செய்வா? ஆனா எங்களுக்குத் தெரியாதா அவன? அவன் எப்பவுமே அவசரக் குடுக்கதான்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஒருவர் தன் பிள்ளையைக் கூப்பிட்டு, சிநேகிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் காட்டினார். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு என்மேல் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. ஸ்டெல்லா கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் என்னைப் பார்த்தாள், அப்புறம் குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அப்புறம் நம் தெரு டீக்கடையில் சொல்லிப் பார்த்தேன், மண்டபத்து மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதேதான் நடந்தது. ஒன்பது மாதம் உன்கூட உட்கார்ந்திருந்தபோது அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். இப்போது சொன்னால் அது என் பெருந்தன்மை ஆகிவிடுகிறது. உன் பேரில் பாதியை வாங்கப் போய், உன்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கிவிட்டு வந்திருக்கிறேன். இனிமேல் வாயைத் திறக்கப்போவதில்லை.

ஆக, ஊரைப் பொறுத்தவரை நீ முழு முட்டாள், நான் நல்ல சிநேகிதன். நேற்றுகூட உன் அண்ணன் ஃபோன் செய்து, சாப்பிட்டாயா, இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நல்லா இருக்கேண்ணே என்றேன். இந்த நல்ல பேரை இறக்கி வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. உன்னிடமிருந்து எடுத்தது என்று தெரிந்தே சுமந்துகொண்டிருக்கிறேன்.